குனிந்த முகத்தின் கீழ் ஓரிடம்

வெயில் தாழ்ந்து, கூரைகளின் விளிம்பில் உருக்கிய செம்பென வழிந்து, பணிமுடித்து மீள்வோரின் நிழல்களைத் தெருவின் நீளத்துக்கும் இழுத்துக் கிடத்திய மாலைப்பொழுதில், கற்றறிந்த அன்பரே, மண்ணுருச் செய்வாள் ஒருத்தி, தன் கண்மட்டத்துக்கு உயர்ந்த மேடைமீது தான் வனைந்து நிறுத்திய தந்தையின் தலையை முறைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏழாண்டு நிறைந்தபோது வீட்டை நீங்கி வேறோர் இல்லம் அமைத்த அத்தந்தை, அதன்பின் எட்டியும் பாராமல் வாழ்ந்து, ஒரு திங்களுக்கு முன் மறைந்தார். அழ உரிமையுண்டோ என அறியாத கைகள் களிமண்ணைப் பற்றிக்கொண்டன.

ஆறு தலைகள் செய்து ஆறையும் பிசைந்தாயிற்று. எவ்வளவு நிமிர்த்தினும் ஒவ்வொன்றும் குனிந்தே அமைந்தது. ஏழாவதும் அவ்வாறே. மறுநாள் சூளையில் ஏற்றவேண்டும். அவர்தாம் என்று சொல்ல அவரை அறிந்த வாய் ஒன்று வேண்டும். எனவே இரு நாளுக்கு முன்பே பல்லைக் கடித்துக்கொண்டு, தந்தையின் மறுமனையில் பிறந்த மகளை அழைத்திருந்தாள். அழைத்த அன்றுதொட்டு மூத்தவள் நெஞ்சில் மூண்ட அழுக்காறு எத்தகைத்தெனில், ஈரத்துணி போர்த்தியும் களிமண் இரண்டே நாளில் காய்ந்தது. அண்டைவீட்டார் தம் துணிகளைக் கொணர்ந்து அவள் சன்னலோரம் உலர்த்தினர். மிகையென ஐயுறுவோர் அத்துணிகளையே கேட்கலாம்.

வந்த இளையவள் தலையை இருமுறை சுற்றிவந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. இது எங்க அப்பா இல்ல."

"ஏன், மூக்கு சரியில்லையா?"

"மூக்கு அவருதுதான். ஆனா அவரு தலையைத் தொங்கப்போட்டு நான் பார்த்ததே இல்ல. தூங்கும்போதுகூட விறைப்பாத்தான் தூங்குவாரு."

"தூங்கினதெல்லாம் பார்த்திருக்கே. கொடுத்து வெச்சவ."

நாற்பதாண்டுக் குறட்டையும் இவளுக்கே சேர்ந்ததே என்று வெந்த மூத்தவள், வெட்டுக்கம்பியை எடுத்துக் களிமண் கழுத்தில் வைத்தாள். இளையவளோ மேடையடியில் தரையிலேயே அமர்ந்து, அண்ணாந்தாள்.

"அக்கா, நிறுத்துங்க! சிரிக்கிறாரு!"

மூத்தவள் மண்டியிட்டு நோக்கினாள். நின்றவாறே வனைந்தவள் கீழிருந்து ஒருமுறையும் பார்த்ததில்லை. இமை தாழ்த்தி, இதழோரம் குழைந்து, ஏழு வயதுச் சிறுமியின் உயரத்தை நோக்கி அம்முகம் குனிந்திருந்தது. மனம் மறந்த உயரத்தை விரல்கள் மறக்கவில்லை.

"என்னை இப்படி ஒருநாளும் பார்த்ததில்ல," என்றாள் இளையவள், குரல் கன்றி. "எப்பவும் என் தலைக்கு மேல வாசலைத்தான் பார்ப்பாரு. யாரு வரணும்னு கேட்டா, காத்து வரட்டும்னு சொல்வாரு."

அக்குரலின் வெம்மை மூத்தவளுக்குப் பழக்கமானது, தன்னுடையதே. பிறர் தன்மேல் பொறாமை கொள்வதில் மகிழ முயன்றாள். மகிழ்ச்சி வாசல்வரை வந்து, நாணித் திரும்பிற்று. கம்பியைக் கீழே வைத்தாள்.

அப்பார்வை விழுந்த இடமோ ஒரு சிறுமி நிற்கும் அகலமே.

"கொஞ்சம் தள்ளு."

"நீங்கதான் ஏழு வருசம் பார்த்துட்டீங்களே!"

"நீ நாற்பது வருசம் கூடவே இருந்தியே!"

தோள் இடித்து, முழங்கை குத்தி, நரைதொடங்கிய மகளிர் இருவர் அந்த ஒருசாண் நிலத்துக்குப் போரிட்டனர். இருவருக்கும் போதுமான தந்தையாய் அவர் ஒருநாளும் இருந்ததில்லை, இறந்தபின்னும் இல்லை. ஆயினும் இடம் விடாது நெருக்கியிருந்த அவ்விருவரும், முதலில் அழுதது யாரென்று அறியமாட்டாராய், இருள் வந்து அம்முகத்தை எடுத்துக்கொள்ளும்வரை அண்ணாந்தே இருந்தனர்.