சிக்னல் கிடைத்த அறை

புஷ்பவதிக்கு வீட்டிலேயே இன்ரநெற் வேண்டியிருந்தது. காணாமல் போனவர்களின் உறவினர் தமிழில் சொல்லியவற்றைக் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. எழுதியதை அனுப்புவதற்கு மூதூர் இறங்குதுறைக்குப் போய், லாஞ்ச் ஏறி, குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போகவேண்டும். ஒருநாள் ஹர்த்தால் என்பார்கள். மறுநாள் லாஞ்ச் ஓடாது. இரண்டாயிரத்து ஐந்தின் கடைசி மாதங்கள் அவை. சமாதான ஒப்பந்தம் கடதாசியில் இருந்தது. வீதியில் துவக்குச் சத்தம் திரும்பவும் கேட்கத் தொடங்கியிருந்தது.

வயரில்லாத ரெலிபோனைக் கொம்பியூட்டரோடு இணைத்தால் வீட்டிலிருந்தே அனுப்பலாம் என்று கேள்விப்பட்டு அந்த வருசத் தொடக்கத்திலேயே அதற்குப் பதிந்திருந்தாள். பல மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் றஊப் என்ற இளைஞன் பெட்டியும் குட்டி அன்ரனாவுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மூதூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் ரெலிபோன் பூட்டிக் கொடுப்பவன்.

முன் விறாந்தையில் வைத்துப் பார்த்தான். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. குசினியில் அதுவும் இல்லை. கிணற்றடியில் இருந்தது, ஆனால் கிணற்றடியில் கொம்பியூட்டர் வைக்க ஏலாது.

"உயரமா ஒரு கம்பம் நட்டால் என்ன தம்பி?" என்று கேட்டாள் புஷ்பவதி.

"நடலாம் அக்கா. நட்டால் ஆமிக்காரர் வந்து என்னத்துக்கெண்டு கேப்பாங்க. பிறகு மற்றப் பக்கத்து ஆக்களும் வந்து கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் பதில் சொல்லேலுமா?" அவன் வீட்டின் வடக்கு மூலையைக் காட்டினான். "டவர் குடாவுக்கு அங்கால. அந்த அறைதான் அதுக்கு நேரே நிக்குது. அதுக்குள்ள வைப்பம்."

"அந்த அறை ஏலாது," என்றாள் குசினி வாசலில் நின்ற தாய் அன்னலட்சுமி.

அது புஷ்பவதியின் தம்பி ஞானசேகரத்தின் அறை. தொண்ணூறாம் ஆண்டு லாஞ்ச் ஏறித் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பூட்டிய கதவை அன்னலட்சுமி பிறகு திறக்கவேயில்லை. திறப்பு அவளுடைய இடுப்பிலேயே இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் வந்து காணாமல் போனவர்களின் விபரம் கேட்டார்கள். தன் மகனைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

காரணம் புஷ்பவதிக்குத் தெரியும். மத்தியானத்தில், ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில், அந்த அறையில் கட்டில் முனகும். ஆரோ புரண்டு படுப்பது போலக் கேட்கும். "சேகரம் வந்து படுத்திருக்கிறான், சத்தம் போடாத," என்பாள் தாய். எலியாக இருக்கும் என்று புஷ்பவதி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்கிற நேரங்களில் அவளும் மெதுவாகத்தான் நடந்தாள். கதவில் காது வைத்துப் பார்க்க ஒருநாளும் துணியவில்லை.

றஊப் வற்புறுத்தவில்லை. ரெலிபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியால் வீட்டைச் சுற்றிப் போனான். சற்று நேரத்தில் அவனுடைய குரல் கேட்டது.

"அக்கா, இந்த யன்னலடியில முழுக் கோடும் வருது." பிறகு யன்னல் திறபடும் சத்தம். "யன்னல் தொட்டவுடன திறபடுதே. உள்ளுக்கு ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"கட்டில்ல பாய் விரிச்சிருக்கு. செம்பில தண்ணியும் இருக்கு."

புஷ்பவதி பூட்டியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். அன்னலட்சுமியின் முகமோ மலர்ந்துவிட்டது. நான் சொன்னனான்தானே என்பது போல மகளைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தாள். துருப்பிடித்த பூட்டு இலகுவில் விடவில்லை. இரண்டு கையாலும் முறுக்கித் திறந்தாள்.

அறையில் தூசி இல்லை. சுவரில் சேகரத்தின் சேட் தொங்கியது. அன்னலட்சுமி நேரே கட்டிலுக்குப் போய் தலையணையை எடுத்து முகத்தோடு அணைத்தாள். மூச்சை இழுத்து மணந்து பார்த்தாள். பிறகு மெல்ல அதைத் தாழ்த்தினாள். அவளுடைய முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டிருந்தது.

தலையணையில் முழங்கால் நோவுக்குப் போடும் எண்ணெய் மணந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அவளே தன் கையால் புருசனுக்குத் தேய்த்துவிடுகிற எண்ணெய்.

வாசலில் புஷ்பவதியின் தகப்பன் அருளம்பலம் நின்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வயல் பக்கம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போகிற மனிசன். யன்னலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி ஏறுவதற்குத் தோதாக ஒரு கல் கிடந்ததை றஊப் அப்போதுதான் கவனித்தான். அவன் மோட்டார் சைக்கிளடிக்குப் போய்விட்டான்.

"நீங்களோ?" என்றாள் அன்னலட்சுமி.

"ஓம்."

"எவ்வளவு காலமா?"

"அவன் போன அடுத்த கிழமையிலயிருந்து."

"இஞ்ச வந்து என்ன செய்யிறனீங்கள்?"

"சும்மா படுக்கிறனான்." அருளம்பலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சக் காலம் அவன்ர மணம் இருந்தது. பிறகு போட்டுது. இப்ப என்ர மணந்தான்."

"அவன் வாறானெண்டு நான் சொல்லேக்க, நீங்கள் வாய் திறக்கேல்ல."

"எப்பிடிச் சொல்லுறது? நீ அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதானே ஒரு வாய் சாப்பிட்டனி."

அன்னலட்சுமி கட்டிலில் இருந்தாள். கட்டில் முனகியது. வீட்டில் எல்லோருக்கும் பழகிய அதே சத்தம். அவள் அழுவாள் என்று புஷ்பவதி காத்திருந்தாள். அழவில்லை. தலையணையைக் கட்டிலில் சரியாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"முழங்கால் ஏலாத மனிசன்," என்றாள். "இனி யன்னலால ஏறாதேங்கோ. கதவால போங்கோ." பிறகு மகளிடம், "அந்தப் பொடியனைக் கூப்பிடு, ரெலிபோனை இஞ்சயே பூட்டட்டும்," என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

யன்னல் கட்டையில் அன்ரனா நின்றது. வேகம் குறைவுதான். கறண்ட் இருந்தால் ஒரு பக்கம் போய்ச் சேர ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுக்கும். ஆனால் அறுபடாமல் போனது. புஷ்பவதி அந்த அறையிலிருந்து வேலை செய்யப் பழகினாள். பிறருடைய மகன்மாரைப் பற்றி, தம்பியின் சேட்டுக்குக் கீழே இருந்து எழுதினாள். சில நேரம் முதுகுப் பக்கம் ஆரோ நிற்பது போல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள். தகப்பன் மத்தியானங்களில் வந்து கட்டிலில் படுப்பார். கட்டில் முனகும், அவள் எழுதிக்கொண்டிருப்பாள்.

மழைக்காலம் முடிகிற தறுவாயில் ஒரு காலை அன்னலட்சுமி உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"எழுது," என்றாள்.

"என்னத்தையம்மா?"

"மற்ற ஆக்கள் சொன்னதை எழுதுறாய்தானே. நானும் சொல்லுறன்."

அவள் சொன்னாள். சேகரம் போகும்போது நீலச் சாரமா களிசானா உடுத்திருந்தான் என்பதில் மட்டும் தடுமாறினாள். மிச்சமெல்லாம் நேற்று நடந்தது போலச் சொன்னாள். புஷ்பவதி எத்தனையோ தாய்மாரின் கதையை எழுதியிருந்தும், அன்றைக்குக் கண்ணீரில் எழுத்து அடிக்கடி மறைந்தது. முடித்து அனுப்பினாள்.

"போட்டுதோ?"

"ஓம், போட்டுது."

"அப்ப இனி அவன் இல்லையெண்டு அர்த்தமோ?"

"இல்லையம்மா. தேடச் சொல்லிக் கேட்டிருக்கிறம்."

அடுத்த கிழமை கொழும்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. படம் ஒன்று இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். இருந்த ஒரே படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றப் பட்டினத்து ஸ்ரூடியோவுக்குத்தான் போகவேண்டும். தான் கொண்டுபோவதாகப் புஷ்பவதி சொன்னாள். தாய் விடவில்லை. படத்தைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தானும் லாஞ்ச் ஏறினாள். மகன் போன பிறகு அவள் அந்தத் தண்ணீரைக் கடந்ததேயில்லை.

கடற்படைப் படகொன்று அருகால் போனது. லாஞ்சில் இருந்த எல்லோரும் கதையை நிறுத்தினார்கள். அலை அடங்கியபோது துறைமுகமும் கோணேசர் மலையும் தெளிவாகத் தெரிந்தன. அன்னலட்சுமி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"பட்டினம் இவ்வளவு கிட்டவோ, பிள்ளை?" என்று கேட்டாள்.