ஜெபப்பெட்டியில் ஒரு சீட்டு

ஆரியசாலை மொத்தக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது அந்த லுத்தரன் ஆரம்பப் பள்ளி. அறுபத்து நாலு பிள்ளைகள், நாலே வாத்திமார். கடைகளில் மிளகாய் வத்தல் மூட்டை இறக்குகிற நாளில் ஜெபத்துக்கு நடுவே ஆமெனைவிடத் தும்மல்தான் அதிகம் கேட்கும். இந்த வருஷம் தலைமையாசிரியராக வந்த பினு சார், முதல் வேலையாகச் சுவரில் பெரிதாக எழுதிவைத்தார்: 'இங்கே யாரும் தனியாக இல்லை.' நல்ல மனுஷன்தான். எழுதிவைத்தால் நடந்துவிடும் என்று நம்புகிற மனுஷன்.

அந்த எழுத்துக்கு நேர் எதிரே, நாலாம் வகுப்பு அறையில், செல்லபாய் டீச்சர் தினமும் மத்தியானம் தனியாகச் சாப்பிட்டாள்.

அவளும் அவள் புருஷன் யோசுவா சாரும் இதே பள்ளியில் இருபத்தாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பாட்டுக் கொட்டகைக்கு ஓடியதும், அந்த அறையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்து மீன்குழம்பைப் பங்கிட்டுக்கொள்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருக்கட்டும், நடுவில் நாம் எதற்குச் சிவபூஜைக் கரடி என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அது ஒரு மரியாதை.

போன வருஷம் ஓணப் பரீட்சை சமயத்தில் யோசுவா சார் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், பெட்டியில் வந்தார். மரியாதை மட்டும் சாகவில்லை. மற்ற டீச்சர்கள் இப்போதும் அந்த வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய்விடுவார்கள். அங்கே டப்பா கைமாறும், சிரிப்பு கேட்கும். செல்லபாய் எதிர் பெஞ்சில் தன் தோல்பையை வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள். வீட்டிலும் தனிமைதான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். இத்தனை பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே தனியாக இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கேட்டால் என்ன, வாயில் கொழுக்கட்டையா என்பீர்கள். ஐம்பத்து நாலு வயசில் 'என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சின்ன வயசு டீச்சர்கள் முன்னால் போய் நிற்க மானம் விடவில்லை.

அதனால்தான் சீட்டு எழுதினாள். பழைய பிஸ்கட் டின்னில் துளை போட்டு பினு சார் ஒரு ஜெபப்பெட்டி வைத்திருந்தார். பெயர் போடாமல் யாரும் எழுதிப் போடலாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசித்து எல்லாரும் ஜெபிப்பார்கள். கேட்டது கிடைக்கும்வரை அதே சீட்டு வாராவாரம் வரும். கிடைத்துவிட்டால் பச்சைப் பலகையில் குத்திவிடுவார்கள், அதோடு சரி. 'பூனைக்குட்டிக்குக் கண் திறக்கணும்', 'அப்பா குடியை விடணும்' என்பவற்றுக்கு நடுவே, கையெழுத்து தெரியாதபடி அவள் இடக்கையால் எழுதிய ஒன்றும் விழுந்தது: 'மத்தியானம் ஒத்தைக்குச் சோறு தின்கிற ஒரு ஆளுக்காக.'

"அய்யோ, இது ஏதோ பாவம்பிடிச்ச பிள்ளையாக்கும்!" என்று பினு சார் பதறினார். எழுத்து அப்படிக் கோணல்மாணல். அன்றைக்கே பிள்ளைகளை எட்டெட்டுப் பேராக வட்டமாக உட்காரவைத்தார். சோறு பரிமாறி முடியும்வரை வட்டங்களைப் பார்த்துக்கொள்ள மற்ற இருவரான அஸ்வதி டீச்சரையும் லிபி டீச்சரையும் போட்டார். "செல்லபாய் டீச்சரைத் தொந்தரவு பண்ணண்டாம். அவங்க பாட்டுக்கு ரூம்ல இருக்கட்டும்" என்றும் சொன்னார். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் திங்கட்கிழமை மட்டும் வேறு. அறுபத்து நாலு பிள்ளைகளும் கண்ணை இறுக்க மூடி, "கர்த்தாவே, அந்த ஆளுக்குக் கூட ஒரு ஆளைத் தாரும்" என்று கேட்கும்போது அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த ஆள் யாரென்று அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தை வைத்து வெள்ளிவரை ஓட்டினாள்.

ஏழாவது திங்களன்று பினு சார் சீட்டை உயர்த்திக் காட்டினார். "மக்களே, நம்ம ஸ்கூல்ல இப்போ ஒத்தைக்குச் சாப்பிடுகது ஆருமில்ல. ஜெபம் கேட்கப்பட்டாச்சு! செல்லபாய் டீச்சர் இதைப் போர்டுல குத்தட்டும்."

கைதட்டல் எழுந்தது. சீட்டும் குண்டூசியும் அவள் கைக்கு வந்தன. குத்தினால் தீர்ந்தது. அடுத்த திங்கள் அவளுக்காகக் கண் மூட ஒரு பிள்ளை இருக்காது. பலகை முன்னால் நின்றாள். குத்தவில்லை.

"எந்தா டீச்சரே, ஊசி மழுங்கிப்போச்சா?"

"இல்ல சாரே." திரும்பினாள். "இது நான் எழுதினதாக்கும். இன்னும் கிடைக்கல்ல."

பினு சாரின் முகம் சிறுத்துவிட்டது. செல்லபாய் சீட்டைத் திரும்பவும் டின்னுக்குள் போட்டுவிட்டு வகுப்புக்கு நடந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மத்தியான மணி அடித்தது. டப்பாவைத் திறந்தாள். ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. ஆபீஸ் அறையில் இன்றைக்குச் சிரிப்பும் இல்லை. வாய்விட்டுச் சொல்லியும் இவ்வளவுதானா என்று டப்பாவை மூடப் போனாள்.

நிமிர்ந்தபோது வாசலில் அஸ்வதி டப்பாவோடு நின்றாள். பின்னால் லிபி, அதற்கும் பின்னால் பினு சார். ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"வாசல்ல நின்னு என்ன பார்க்கீங்க?" செல்லபாய்க்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இல்ல டீச்சரே..." அஸ்வதி எதிர் பெஞ்சைப் பார்த்தாள். "டெய்லி இதுவரைக்கும் வந்துட்டுத்தான் போவோம். அங்க உங்க பேக் இருக்கும். யோசுவா சாருக்கு இடம் போட்டு வச்சிருக்கீங்கன்னு நினைச்சோம். அதை எடுக்கச் சொல்ல மனசு வரல்ல."

செல்லபாய் பையைப் பார்த்தாள். இடம் போட்டுத்தான் வைத்திருக்கிறாள். தினமும், தன் கையாலேயே.

"கொஞ்சம் நீங்கிக்கிடுங்க, என்னா?" என்றாள் மெதுவாக, எதிர் பெஞ்சைப் பார்த்தபடியே. யாரிடம் சொன்னாள் என்று மூவரும் கேட்கவில்லை. அவள் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.