தெர்மாகோல் கேலக்ஸி

எங்கள் முதலாளி விஜயபாஸ்கருக்கு பர் துபாயில் எலக்ட்ரிகல் கடை. எங்கள் பாஸ்போர்ட்டுகள் அவர் அலமாரியில். 2006இல் அவர் மகள் சந்தியாவின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது.

"சுத்துற மாதிரி ஒரு கேலக்ஸி செஞ்சு குடு, ராக்கப்பா. ஜெயிச்சா பாஸ்போர்ட்ட கையில தர்றேன், தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு வா" என்றார்.

ராக்கப்பன் கடையின் எலக்ட்ரீஷியன், பரமக்குடிப் பக்கம். தங்கை ஜெயமணிக்கு ஒரே அண்ணன். மணவறையில் அவள் கையில் பொரி அள்ளிப் போட அவனை விட்டால் ஆளில்லை. உயிரைக் கொடுத்துச் செய்தான்.

பெரிய தெர்மாகோல் வட்டு. அதில் சுருண்டு விரியும் இரண்டு கைகள். நட்சத்திரங்களுக்குச் சின்னச் சின்ன தெர்மாகோல் உருண்டைகள். நடுவில் புடைத்த வயிறு, அதற்குள் கண்ணைப் பறிக்கும் பல்பு, மேலும் கீழும் நீல விளக்குக் குழாய். அடியில் ஃபேன் மோட்டார். நடுவிலுள்ள கருந்துளை அக்கம்பக்கத்தை விழுங்குகிறதாம். அகப்பட்டது எரிகிற வெளிச்சம்தான் அந்தப் பல்பாம், மேலும் கீழும் பீய்ச்சியடிப்பதுதான் நீலக் குழாயாம். சந்தியா மனப்பாடமாய்ச் சொன்னாள். எனக்கு முதலாளி ஞாபகம்தான் வந்தது.

கண்காட்சியில் நடுவர் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்தும்போது கைகள் பின்னால இழுபடணும். இங்க முன்னால பாயுதே?"

பாவி ராக்கப்பன், பழக்கதோஷத்தில் ஃபேன் சுற்றுகிற பக்கமே விட்டிருந்தான். சந்தியா அழுதாள். முதலாளி எல்லோர் முன்னாலும் அவன் பிடரியில் அறைந்தார்.

"ரெண்டு வயரு மாத்துனாப் போதும் மொதலாளி" என்று மேசைக்கு அடியில் புகுந்தான். சற்று நேரத்தில் கேலக்ஸி திசை திரும்பியது. முதல் பரிசு.

அங்கேதான் அவன் கெட்டான். முதலிலேயே ஒழுங்காகச் சுற்றியிருந்தால் விமானம் ஏறியிருப்பான்.

"அடுத்த மாசம் அபுதாபியில பெரிய போட்டி. அங்க மக்கர் பண்ணுனா யார் பாக்குறது? லீவு கிடையாது, கலாஸ், அவ்வளவுதான்" என்றார் முதலாளி.

"வாக்குக் குடுத்தீங்களே மொதலாளி."

"கல்யாணம் உனக்கா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. என் பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில்தான், கேலக்ஸியைத் தூக்கி வேனில் ஏற்றினேன்.

அபுதாபி போட்டியும் முகூர்த்தமும் ஒரே காலையில் வந்தன. வேனை ஓட்டிப் போனவன் நான். மேடையில் சுற்றிய வேகத்தில் உருண்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ராக்கப்பன் குனிந்து பொறுக்கினான். இரண்டு கை நிறைய வெள்ளை வெளேரென்று, பொரி மாதிரியே. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டான். அந்நேரம் ஊரில் யாரோ ஒரு பக்கத்து வீட்டுப் பையன் ஜெயமணி கையில் பொரி போட்டுக்கொண்டிருப்பான்.

"என்னடா வேடிக்கை? ஜல்தி ஒட்டு" என்றார் முதலாளி.

ராக்கப்பன் ஒவ்வொன்றாக ஒட்டினான்.