தகவலாளி

நேர்காணலுக்குக் கிளம்பும்போது அம்மா என் புடவை மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள். "அந்தம்மா உள்ள இருக்காங்கல்ல, அப்புறம் என்னடி பயம்?"

அந்தம்மா, என் பேராசிரியர். மானிடவியல் துறைத் தலைவர். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகம்தான் அவருக்கு அந்த நாற்காலியை வாங்கிக்கொடுத்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி என் அம்மா. எங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அம்மாவை "அக்கா" என்றும் என்னை "கண்ணு" என்றும் கூப்பிட்டுத்தான் அத்தனையையும் டேப்பில் பிடித்தார். தெருவில் யாருக்கு யார் என்ன முறை என்று பாவாடை சட்டையில் கூடவே நடந்து சொன்னவள் நான். பிறகு அவரிடமே படித்து முனைவர் பட்டமும் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இப்போது அவர் துறையிலேயே விரிவுரையாளர் வேலை காலி.

தேர்வுக்குழுத் தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "உங்க ஸ்டூடண்ட்தானே மேடம்? நீங்களே சொல்லுங்க."

"ரொம்பக் கெட்டிக்காரி சார். எனக்குக் கிடைச்ச தகவலாளிகள்லயே இவதான் பெஸ்ட்."

தகவலாளி. ஆய்வாளர் கேட்கக் கேட்கப் பதில் சொல்கிற ஆள். முன்னுரையில் பெயரில்லாமல் ஒரு நன்றி வாங்கிக்கொண்டு போகிற ஆள். வாய் தவறி வந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். பாராட்டுகிறாராம்.

"அப்ப பாடம் எடுக்க?" என்றார் தலைவர்.

"அதுக்குக் கொஞ்சம் தூரத்துல நின்னு பாக்கத் தெரியணும். சொந்த வீட்டையே ஆராய்ச்சி பண்றவளுக்கு அந்தத் தூரம் வராது சார்."

"தூரமா மேடம்? ரெண்டு பஸ் மாறி வரேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பாத்தீங்களா? அந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாருமே இப்படித்தான் வெடுக்குன்னு பேசுவாங்க," என்றார் பேராசிரியர், மிருகக்காட்சிசாலையில் குழந்தைக்குக் குரங்கைக் காட்டுவது போல.

இத்தனை வருடம் அவர் முன்னால் நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் கேட்டது என்னைத்தானா, இல்லை, எங்கள் தெருவையா?

தலைவர் என் கோப்பை மூடினார். "சரிம்மா, தகவல் அப்புறம் சொல்றோம்."

"தகவல் சொல்றது என் வேலையாச்சே சார்." எழுந்தேன். "இப்பவே சொல்லிடறேன். எனக்கு இந்த வேலை இல்ல. அவங்களுக்கு இனிமே எங்க வீடு இல்ல."

பேராசிரியரின் கை அனிச்சையாகப் பேனாவைத் தேடி எடுத்தது. நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார்.