சாட்சிக் கால்

பூங்காவில் களை பிடுங்கச் சம்பளம் வாங்கும் ஆள், பிடுங்கிய களையை எல்லாம் மருந்து என்று வீட்டுக்குக் கொண்டு போனால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? முதலில் சிரிக்கத்தான் செய்தது. தும்பை ஜலதோஷத்துக்கு, கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு, துத்தி மூலத்துக்கு என்று அவன் ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கி மண் தட்டிப் பையில் போடும்போது, கூட வேலை செய்கிறவர்கள், “சும்மா கிடைச்சா சோம்பலுக்கு ஏதாவது இலை கொடு, சூப்பர்வைசருக்குப் போடலாம்” என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். நல்ல மனுஷன்தான். அதனால்தான் இவ்வளவு வினையும்.

சிரித்தவர்கள் வாயை அடைத்தது அவன் தங்கையின் கால். நான்கு வருஷத்துக்கு முன்னால், சட்டை தைக்கும் ஃபேக்டரியில் அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் பெடலின் துருப்பிடித்த ஓரம் கணுக்காலைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. நீர் கோத்து, ஓரம் கறுத்து, கட்டைவிரல் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது.

அண்ணன் விஷயம் தெரிந்த அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பூங்காப் புல்தரையில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும் வெட்டுக்காயப் பச்சிலையையும் குப்பைமேனியையும் பறித்து, அண்ணி மஞ்சள் வைத்து அரைத்துக் கொடுக்க, வாழை இலைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தான். அப்பா, அம்மா போன பிறகு இவளை வளர்த்தது அவன்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, உயிர் போனதைக்கூடச் சொல்லாமல் ஒரு பகல் முழுக்க அவனை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை அவன் மிதிப்பதில்லை, மிதிக்கிறவர்களையும் விடுவதில்லை.

“இருபது நாள் டைம் கொடும்மா. அண்ணன் ஆத்திக் காட்டுறேன்” என்று தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த நேரத்தில் எந்தத் தங்கைக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

ஆனால் ஃபேக்டரி நர்ஸம்மா விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. இதுல தழையை வேற அப்பிட்டு வர்றியா?” என்று திட்டி, ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்தாள்.

“அண்ணன் மனசு நொந்துடும் நர்ஸம்மா.”

“அண்ணன் மனசு நாளைக்கு ஆறிடும். இந்தக் கால் ஆறாது.”

அன்றிலிருந்து தங்கை இரட்டை வேஷம் போட்டாள். காலையில் அண்ணன் வருமுன் நர்ஸம்மா போட்ட கட்டை அவிழ்த்து ஒளித்துவிடுவாள். அவன் வந்து, பச்சிலை வைத்துக் கட்டிவிட்டுப் போவான். ஃபேக்டரியில் போய் அதில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை வழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு நர்ஸம்மாவிடம் கால் நீட்டுவாள். சாயங்காலம் அந்த மருந்துக் கட்டின் மேல் ஒரு பாலிதீன் தாள், தாளின் மேல் மிச்சப் பச்சிலை, அதற்கு மேல் துணி. பார்த்தால் பச்சைச் சாறு கசிந்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரமாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவள் இருபத்திரண்டு நாள் மறைத்தாள்.

“பாத்தியா, சதை சிவப்பா வருது! பச்சிலை வேலை செய்யுது பாத்தியா!” என்று அண்ணன் தினமும் காலையில் குதிப்பான். புண் மூடிய அன்றைக்கு அவன் அழுதான். அந்த அழுகையைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்வது எப்படி? அப்புறம் சொல்லலாம் என்று விட்டாள். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாதவர்கள் எல்லாரும் இந்த ‘அப்புற’த்தில்தான் குடியிருக்கிறார்கள்.

பூங்காவில் செய்தி பரவியது. அதுவரை “ஏய், இங்கே வா” என்று அவனைக் கூப்பிட்டவர்கள், விலை உயர்ந்த ஷூ போட்டு நடக்க வருகிற பெரிய மனிதர்கள்கூட, “பச்சிலைக்காரரே” என்று நின்று பேச ஆரம்பித்தார்கள். அவன் கூச்சத்தோடு நெளிவான். நம்பாதவர்களைத் தங்கை வீட்டுக்கே அழைத்து வந்துவிடுவான். “கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? என் தங்கச்சி காலே சாட்சி” என்பான். தங்கை துணியைக் கணுக்கால் வரை தூக்கித் தழும்பைக் காட்டுவாள். கேட்டால், “மூணாம் நாளே வலி போயிடுச்சுங்க” என்று கூடவே ஒரு பொய்யும் சொல்வாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அண்ணன் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகச் சொன்னாள். வந்தவர்கள் அவளையும் ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் பூங்காவில் எல்லாருக்கும் புது பூட்ஸ் கொடுத்தார்கள். அண்ணனுக்கு வந்தது ஒரு சைஸ் சின்னது. மாற்றிக் கேட்கக் கூச்சம். சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் கிளம்பி உடைந்ததும் தன் பச்சிலையையே வைத்துக் கட்டினான். அவனுக்கு வலிக்கவில்லை, வலிக்காததைப் பச்சிலையின் குணம் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை அண்ணன் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே வாடை அடித்தது. மஞ்சளும் தழையும் கலந்த பழகிய வாடைதான். அதற்குக் கீழே இன்னொரு வாடை. உள்ளே அண்ணன் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பூங்காவில் நடக்க வருகிற இரண்டு பேர் மூட்டு வலிக்கு இலை கேட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, என்ன இது? எத்தனை நாளா?”

“பதினாலு நாள்தான். உனக்கே இருபத்திரண்டு நாள் ஆச்சே.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே. எழுந்திரு.”

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அண்ணனும் சிரித்துக்கொண்டே, “பாருங்க, இவ காலைத்தான் உங்களுக்குக் காட்டினேன். இப்ப இவளே எனக்கு ஆஸ்பத்திரி சொல்றா” என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் இரண்டு வெளி ஆட்கள் முன்னால், அண்ணனின் இத்தனை வருஷப் பெயரைப் போட்டு உடைக்கிறதா? அவள் அடுக்களைக்குப் போய் அண்ணியிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மிக் குழவியைப் பிடித்திருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது.

“அப்ப நான் தினமும் விடியறதுக்குள்ள எழுந்து அரைச்சது?”

“வீணாத்தான் போச்சு அண்ணி.”

“நான் சொன்னா அவர் நம்பமாட்டார். இதை நீதான் சொல்லணும்” என்றாள் அண்ணி. குழவியை ஓரமாக வைத்துவிட்டு, “இன்னைக்கு வேணாம். ஆளுங்க இருக்காங்க. நாளைக்கு வா” என்றாள்.

மறுநாள் ஃபேக்டரியில் அவசர ஆர்டர். காலரை முடித்தால்தான் கப்பலுக்குச் சரக்குப் போகும் என்று எல்லாருக்கும் கூடுதல் வேலை. அதற்கு அடுத்த இரண்டு நாளும் அதேதான். லீவு கேட்டால் கிடைத்திருக்கும், அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆர்டர் வந்தது அவளுக்கு ஒரு நிம்மதியாகவே இருந்தது. மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

வியாழக்கிழமை போனாள். இரண்டு விரல்கள் கரிக்கட்டையாகியிருந்தன. அண்ணனுக்குக் காய்ச்சல். அப்போதும், “அரைக்கிறதுல பதம் தப்பியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல” என்றான்.

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து சொன்னாள்.

“அண்ணே, என் காலை உன் இலை ஆத்தல.”

“என்ன உளறுற?”

“நர்ஸம்மா ஊசி போட்டாங்க. இருபத்திரண்டு நாளும் போட்டாங்க. எனக்குச் சர்க்கரை இருக்குண்ணே. இன்னைக்கும் மாத்திரை போடுறேன்.”

அண்ணன் அவளைச் செல்லமாகப் பார்த்தான். “என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு இப்படி ஒரு பொய்யா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்மா. நான்தானே தினமும் புண்ணைப் பாத்துக் கட்டினேன்?”

அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். காலையில் அவன் வருமுன் கட்டை ஒளித்தது, பாலிதீன் தாள், எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையில் பாதிக் குழிகள் காலியாக இருந்தன. அவன் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நான் கட்டின இலையை என்ன பண்ணின?”

“வழிச்சுச் சாக்கடையில போட்டேன்.”

“எல்லா நாளுமா?”

“எல்லா நாளும்ணே.”

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அண்ணியைப் பார்த்து, “வண்டி கூப்பிடு” என்றான். அவ்வளவுதான் பேசினான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அண்ணனுக்கும் சர்க்கரை இருந்தது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “நாலு நாள் முன்னாடி வந்திருந்தாக்கூட விரலோட போயிருக்கும்” என்று, பேனாவைத் தேடிக்கொண்டே, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார். நாலு நாள் முன்னாடி ஞாயிற்றுக்கிழமை. தங்கைக்கு அங்கேயே தரையில் விழுந்து புரள வேண்டும் போல இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் தங்கை அவன் பக்கத்திலேயே கிடந்தாள். ஊட்டினாள், துடைத்தாள், தலையணையைச் சரி செய்தாள். அண்ணன் வாயைத் திறந்து சாப்பிட்டான். அவளோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியோடு பேசினான், நர்ஸுகளோடு பேசினான், பக்கத்துப் படுக்கைக்காரனோடு சிரிக்கக்கூடச் செய்தான். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. நான்கு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை.

எட்டாம் நாள் பூங்கா வாட்ச்மேன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் பேச ரொம்பப் பாடுபட்டான். “பூட்ஸ்ல என்னமோ விஷம் இருந்திருக்கு, இல்லேன்னா உங்க மருந்து கேக்காம இருக்குமா?” என்றான். போகிற நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு மெல்ல இழுத்தான்.

“அம்மாவுக்குக் கால்ல புண்ணுண்ணே. ஒரு மாசமா ஆறல. தங்கச்சிக்குக் கட்டினீங்களே, அந்த இலைதான் கட்டிட்டு வர்றோம். எத்தனை வேளை கட்டணும்னுதான்…”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

தங்கை எழுந்து நின்றாள். “அந்த இலையை எடுத்துப் போட்டுட்டு அம்மாவை இங்க கூட்டிட்டு வாங்க. என் புண்ணு அதுல ஆறல. ஊசியிலதான் ஆறுச்சு. நான் பொய் சொன்னேன்.”

வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குனிந்து அவள் கணுக்காலைப் பார்த்தான். தழும்பு சுத்தமாக, வழவழப்பாக இருந்தது.

“மூணாம் நாளே வலி போச்சுன்னு நீங்கதானே எங்க வீட்டுக்காரிகிட்டச் சொன்னீங்க?” என்றான். குரலில் கசப்பு ஏறியிருந்தது. “உங்களுக்கு ஆகணும்னா ஆகுது. எங்களுக்குச் சொல்லத்தான் மனசு வரல. பரவாயில்லீங்க.” பழப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். எட்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

“என் கால் போனது போகட்டும். அந்தம்மா கால் உன் பொறுப்பு. போ.”

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். வாசலில் வாட்ச்மேன் இல்லை. அவன் வீடு எங்கே என்றும் அவளுக்குத் தெரியாது. பூங்காப் பக்கம் போய் ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கிற இடமெல்லாம் ஆட்கள் நின்று, “நீங்க பச்சிலைக்காரர் தங்கச்சிதானே, கால் ஆறினவங்க?” என்று கேட்பார்கள்.