ஒரு கடதாசியும் மாற்றவில்லை

காலை பதினொன்று ஐந்துக்கு என் மனுசனிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘எல்லாம் ஓகே. டொக்டர் ஒண்டும் இல்லை எண்டிட்டார். பயப்பிடாதையும்.’

நான் அப்போது வயோதிபர் இல்லத்தின் லோண்டரி அறையில், சூடு ஆறாத படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றேன். வாசித்ததும் ‘மாதாவே, உமக்குக் கோடி நன்றி’ என்று சொல்லி மெசினோடு சாய்ந்துகொண்டேன். பிறகு இரண்டாம் தரம் வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன். கலியாணம் கட்டின இருபத்தாறு வருசத்தில் அன்புராசா எனக்கு மூன்று வசனம் சேர்த்து எழுதின ஆளில்லை. அவர் எழுதினால் ‘பால்’ என்று வரும். இல்லாவிட்டால் ‘வாறன்’ என்று வரும்.

இரண்டு கிழமைக்கு முதல், ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடுகிற நேரம், அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நிலத்தில் விழுந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. ‘கண் பிடரியிலயோ கிடக்கு?’ என்று ஏசிக்கொண்டே திரும்பினால், மனுசன் வாய் ஒரு பக்கம் கோண, வலது கை தொங்க, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பேச்சில்லை. இரண்டு நிமிசம் அப்படியே நின்றார். பிறகு எதுவும் நடக்காத மாதிரி, ‘கோப்பை உடைஞ்சிட்டுதோ?’ என்று கேட்டார். அந்த இரண்டு நிமிசம் எனக்கு இன்னமும் முடியவில்லை.

அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். டொக்டர் அன்றைக்கே பஸ்ஸும் வேண்டாம், காரும் வேண்டாம் என்று மறித்து, தலையை ஸ்கான் எடுக்க அனுப்பிவிட்டார். அதன் முடிவு இன்று காலை பத்தரைக்கு. நானும் வருகிறேன் என்று லீவு கேட்டு வைத்திருந்தேன். ‘ஒரு பேப்பர் வாங்க ரெண்டு பேரோ? நீர் வேலைக்குப் போம்’ என்று சொல்லி, தனியாகவே பஸ் ஏறிப் போனார். நானும் ஒரு விசரி, சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்று தரம் கோல் எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது.

என்னோடு வேலை செய்கிற கிளடிஸ் மடித்த துவாய்களை அடுக்கியபடி என்னைப் பார்த்தாள். அவளும் எங்கள் கோவில் பங்கு ஆள்தான், மன்னார்க்காரி. “ஒண்டும் இல்லை எண்டிட்டாராம்தானே? பிறகேனடி முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்?”

“கோல் எடுக்கிறாரில்லை.”

“பஸ்ஸுக்குள்ள நிப்பார். ஆம்பிளையளுக்கு ஃபோன் காதிலயோ கேக்கிறது?”

இருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி விரிப்பு மடித்தேன். மூலைக்கு மூலை சேரவில்லை. திரும்ப உதறித் திரும்ப மடித்தேன்.

பதினொன்றரைக்கு எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. சரியாக அந்த நேரம் ஃபோன் ‘டிங்’ என்றது. எங்கள் கடதாசி விளையாட்டு, இரண்டு பேரும் ஃபோனில் ஆடுகிற சீட்டு. அன்பு மேசையில் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று திரையில் வந்து நின்றது.

கோலுக்குப் பதில் இல்லை, கடதாசி விளையாட ஆள் ரெடி. வந்த கோபத்துக்கு ஃபோனைச் சலவை மெசினுக்குள் போட்டிருப்பேன்.

இந்த விளையாட்டு எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் முதலில் முன்னூற்றிநாலு என்கிற கடதாசி ஆட்டம் ஆடின ஆட்கள். நாலு பேர், எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. நத்தார் பண்டிகைக்குக் கோவில் ஹோலில் மேசை போட்டால், நானும் அவரும்தான் எப்போதும் ஒரு கட்சி, எப்போதும் வெற்றி. ஏனென்றால் நாங்கள் கள்ளம். அவர் வலது காதைத் தொட்டால், ‘என்னட்டை ஒண்டும் இல்லை, நீர்தான் பாத்துக்கொள்ளவேணும்’ என்று அர்த்தம். நான் மூக்கைச் சொறிந்தால், ‘பயப்பிடாதையுங்கோ, துரும்பு என்னட்டை கிடக்கு.’ துரும்பு என்றால் மற்ற எல்லாவற்றையும் வெட்டுகிற கடதாசி. ஏழு வருசம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. எட்டாம் வருசம் கிளடிஸ்தான் கண்டுபிடித்துக் கத்தினாள். அன்றிலிருந்து எங்கள் பங்கில் ஒரு சட்டம்: புருசன் பெண்சாதி ஒரு கட்சியில் இருக்கக்கூடாது.

அதற்குப் பிறகுதான் மகள் ஜெசிகா இதை இரண்டு பேருடைய ஃபோனிலும் போட்டுத் தந்தாள். “அம்மா, this is poker. இதில பார்ட்னர் இல்லை. நீங்களும் அப்பாவும் against. கள்ளம் செய்யேலாது.” காசு கிடையாது, வெறும் புள்ளிதான். ஆளுக்கு ஆயிரம் புள்ளி, தீர்ந்தால் விளையாட்டே திரும்ப ஆயிரம் தரும்.

ஆட்டம் லேசு. ஆளுக்கு ஐந்து கடதாசி வரும். உங்களுடையது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பார்த்துவிட்டுப் புள்ளி கட்டவேண்டும், பிடிக்காவிட்டால் போட்டுவிட்டு விலகலாம். பிறகு வேண்டாத கடதாசிகளைக் கழித்து, அதற்குப் பதிலாகப் புதிதாக எடுக்கலாம். திரும்பவும் ஒருமுறை கட்டுவது. கடைசியில் இரண்டு பேரும் விரித்துக் காட்ட, நல்ல கைக்குப் புள்ளி எல்லாம். ஒரு சோடி இருந்தால் நல்லது, இரண்டு சோடி அதைவிட நல்லது, மூன்று ஒரே மாதிரி இன்னும் நல்லது. தொடர்ச்சியாக ஐந்து, ஒரே பூவில், அதாவது ஒரே இனத்தில், ஐந்து என்று அப்படியே ஏறிக்கொண்டு போகும்.

இதில் எதிராளியின் முகம் தெரியாது. தெரிகிறது ஒன்றே ஒன்று: அவர் எத்தனை கடதாசி மாற்றினார் என்பது. மூன்று மாற்றினால் கையில் ஒரு சோடி இருக்கும். ஒன்று மாற்றினால் இரண்டு சோடி, அல்லது தொடர் ஒன்றுக்கு ஒரு கடதாசி குறைகிறது. ஒன்றுமே மாற்றாவிட்டால், வந்த கை அப்படியே திறம், கை வைக்கத் தேவையில்லை என்று அர்த்தம். அப்படி மாதத்தில் ஒருநாள் வந்தால் பெரிய காரியம்.

வெறுங்கையை வைத்துக்கொண்டு மாற்றாமல் இருந்து எதிராளியை வெருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படித்தான். அன்புராசாவுக்கு அது வராது. சோடி இருந்தால் மூன்று மாற்றுவார், இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் விலகுவார். அவர் கைக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில், என் வேலையிடத்துக்குக் கிட்ட அஜின்கோர்ட் பிளாசாவில் தமிழ் பேக்கரியில் இருந்துகொண்டு தினமும் என்னிடம் தோற்பார். தோற்றுவிட்டு, ‘நீர் ஒரு கள்ளி’ என்பார். அதுதான் எங்கள் மத்தியானம்.

மேசையில் போய் இருந்தேன். சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை.

முதல் கை. எனக்கு இரண்டு பத்து வந்தது. அவர் எடுத்த எடுப்பில் நூறு புள்ளி கட்டினார். ஆகா, ஐயா இன்றைக்குத் துள்ளுகிறார் என்று நானும் கட்டினேன். மூன்று மாற்றினேன், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. திரையில் அவர் பக்கம் பார்த்தேன். அன்பு பூச்சியம் மாற்றினார் என்று கிடந்தது. அடுத்து இருநூறு கட்டினார். நான் விலகிவிட்டேன்.

எனக்குச் சந்தோசம்கூட வந்தது. நல்ல கை வந்திருக்கிறது. டொக்டரிடம் நல்ல செய்தி, மேசையில் நல்ல கை, இன்றைக்கு அவருடைய நாள். கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்பினேன். அவர் பதிலுக்கு எதுவும் அனுப்பவில்லை.

இரண்டாம் கை. எனக்கு ஒரு ராணிச் சோடி. அவர் திரும்பவும் நூறு கட்டினார். திரும்பவும் பூச்சியம் மாற்றினார்.

ஃபோனைக் கிட்டப் பிடித்துத் திரும்பவும் வாசித்தேன். மாதத்தில் ஒருநாள் வருகிற கை, அடுத்தடுத்து இரண்டு தரமா? வரும், வராது என்றில்லை. லொத்தர் விழுகிற ஆட்களும் இருக்கிறார்கள்தானே. அவர் முந்நூறு கட்டினார். நான் யோசித்து யோசித்து, நேரம் முடிகிறது என்று திரை சிவக்க, விலகினேன். உண்மையைச் சொன்னால், அவருடைய கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் கை. இரண்டு நாலும் மூன்று குப்பையும். அவர் திரும்பவும் நூறு கட்டினார், நானும் கட்டினேன். மாற்றுகிற நேரம் வந்தது. நான் மூன்று மாற்றினேன், வந்ததும் குப்பைதான். அன்பு பூச்சியம் மாற்றினார். அடுத்துத் தன்னிடமிருந்த எல்லாப் புள்ளியையும் ஒரேயடியாகத் தள்ளினார்.

அப்போதுதான் அந்த மெசேஜ் திரும்ப ஞாபகம் வந்தது. எல்லாம் ஓகே. ஒண்டும் இல்லை. பயப்பிடாதையும்.

யேசுவே, இது பொய்யாக இருக்கக்கூடாது, அவரிடம் ஐந்தும் ஒரே பூவாக இருக்கவேண்டும், நான் தோற்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு நானும் எல்லாவற்றையும் தள்ளினேன். இந்த மேசையில் நான் தோற்கவேண்டும் என்று கேட்டது அன்றுதான்.

கடதாசிகள் விரிந்தன. மூன்று, ஆறு, எட்டு, ஒன்பது, ஒரு ஜாக். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஐந்து கடதாசி. என்னுடைய இரண்டு நாலு வென்றது. ஃபோன் வாணவேடிக்கை காட்டிச் சங்கீதம் வாசித்தது. அதை நிற்பாட்டுகிற பொத்தான் எது என்று தெரியாமல் விரலால் திரை முழுக்கக் குத்தினேன்.

உடனே கோல் எடுத்தேன். இம்முறை எடுத்தார்.

“என்னத்தை வைச்சுக்கொண்டு அவ்வளவையும் தள்ளினியள்?”

“சும்மா. விளையாட்டுத்தானே.”

“டொக்டர் என்ன சொன்னவர்?”

“மெசேஜ் போட்டனான்தானே. ஒண்டும் இல்லையாம்.”

குரலைக் கேட்டால் நம்பலாம் போலத்தான் இருந்தது. முன்னாலே நான் அந்த ஐந்து கடதாசியையும் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

“இப்ப எங்க நிக்கிறியள்?”

“வழமையான இடத்திலதான்.”

“அசையாமல் இருங்கோ. வாறன்.”

“உமக்கு வேலையெல்லோ? என்னத்துக்கு இப்ப?”

“வேலை எங்கயும் ஓடாது” என்று வைத்துவிட்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்த என்னைக் கிளடிஸ் மறித்தாள். “எங்கையடி?”

“அவர் மூண்டு தரமும் ஒரு கடதாசியும் மாத்தேல்லை, கிளடிஸ்.”

அவளுக்கு அது விளங்கியிராது. ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். “போ. சுப்பவைசரோட நான் கதைக்கிறன். துலைஞ்சு போ கெதியா” என்று கதவைத் திறந்துவிட்டாள்.

பிளாசா நடந்தால் பத்து நிமிசம். பங்குனி மாதத்து ஊத்தைப் பனி உருகி, நடைபாதை எல்லாம் சேறு. வேலைச் சப்பாத்துக்குள் தண்ணீர் போனது. வழி முழுக்க ஒரே கணக்குத்தான் போட்டேன். காசுப் பிரச்சினையாக இருக்கலாம், பஸ் லைசன்ஸைப் பறித்திருக்கலாம், மேலும் ஒரு ஸ்கான் எடுக்கச் சொல்லியிருக்கலாம். லைசன்ஸாக இருக்கட்டும், லைசன்ஸாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு நடந்தேன். அந்த லைசன்ஸ் எடுக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். என்றாலும் அதைக் கொண்டுபோகட்டும் என்றுதான் கேட்டேன்.

தமிழ் பேக்கரியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரோரம் இருக்கிற சின்ன மேசையில் அவர் இருந்தார். முன்னால் தேத்தண்ணி, ஆடை படிந்திருந்தது. பக்கத்தில் ஒரு றோல்ஸ், ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. ஃபோனுக்குக் கீழே ஒரு மண்ணிறக் கடித உறை.

நான் உள்ளே போய் எதிரே இருந்தேன். முன்னூற்றிநாலில் கட்சிக்காரர் இருக்கிற மாதிரி, நேர் எதிரே.

“நனைஞ்சு போனீர்” என்றார்.

நான் ஃபோனைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு உறையைப் பிரித்தேன். அவர் தடுக்கவில்லை. இரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். வயோதிபர் இல்லத்தில் பத்து வருசமாக வேலை செய்கிறேன், சில சொற்கள் எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. தலைக்குள் இடது பக்கம் ஒரு கட்டி. அதன் அளவு. அவசரம் என்று ஒரு சொல். வருகிற வியாழக்கிழமை சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்க்கவேண்டும், கூட ஒரு ஆளை அழைத்து வரவும்.

“ஏனப்பா எனக்குப் பொய் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன். ஏசத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு குரல்.

“நீர் வேலையில நிக்கிறீர். சோறு தின்னவேணும். பின்னேரம் சொல்லுவம் எண்டு... விளையாட வராட்டி நீர் பிடிச்சிடுவீர். அதுதான் வந்தனான்.”

“எத்தினை நாளா விளையாடுறியள்? வெறுங்கையோட மூண்டு தரம் ஆரும் நிப்பினமோ?”

சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. பேக்கரிக்காரப் பெண் பொரித்த பற்றிஸ் தட்டோடு எங்களைக் கடந்து போனாள். அவள் போகும்வரை தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண் நிரம்பிப்போய்க் கிடந்தது. மெதுவாக வலது கையைத் தூக்கினார். தூக்கி, வலது காதைத் தொட்டார்.

எட்டு வருசத்துக்கு முதல் ஹோலில் பிடிபட்ட பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை.

அங்கேயே மேசையில் தலையை வைத்து, குழறி அழவேண்டும் போல இருந்தது. வியாழக்கிழமை என்ன சொல்லுவார்கள், பிள்ளைக்கு எப்படிச் சொல்லுகிறது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். நனைந்த கையுறையைக் கழற்றினேன். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து இருந்து, மூக்கைச் சொறிந்தேன்.

அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. றோல்ஸை எடுத்துப் பாதியாகப் பிய்த்து எனக்கு நீட்டினார்.

என் கையில் ஒரு துரும்பும் இருக்கவில்லை.