தராசு சார் பிரித்த காசுகள்

நாணய அறையில் அவரைத் தராசு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய கிரேக்க வெள்ளிக்காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினால் போதும். இது டிராக்மா, இது அதில் பாதி, இது ஆறில் ஒரு பங்கான ஓபல் என்று சொல்லிவிடுவார். காய்கறிக் கடையிலும் இதே கதைதான். "முக்கால் கிலோகூட இல்லையேப்பா" என்று அவர் ஆரம்பித்ததுமே மனைவி பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். அவளும் அதே அருங்காட்சியகத்தில் காசுகளைப் படம் எடுப்பவள்.

பக்கவாதம் வந்து அவருடைய பேச்சைக் கொண்டுபோயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கும் 'தண்ணி', போர்வை கேட்பதற்கும் 'தண்ணி', அவளைக் கூப்பிடுவதற்கும் 'தண்ணி'. முதலில் அவள் ஒவ்வொரு முறையும் டம்ளரோடு ஓடினாள். அவர் எரிச்சலோடு தலையை ஆட்டுவார். கொஞ்ச நாளில் ஓடுவதை விட்டுவிட்டாள்.

"பழகின வேலையைக் கொடுத்துப் பாருங்கம்மா. ஏதாவது திரும்பி வரலாம்" என்றார் டாக்டர்.

அவருடைய நாற்காலிக்கு வந்திருந்த புது அதிகாரியும் நல்ல மனிதர். "தாராளமா கூட்டிட்டு வாங்கக்கா" என்றார்.

நாணய அறைக்குள் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. பாட்டிலை வாசல் மேசையில் வைத்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனாள். தட்டு நிறைய ஒரே புதையலில் கிடைத்த காசுகள். ஒருபுறம் தேவியின் தலை, மறுபுறம் ஆந்தை. ஆந்தை நேராகப் பார்த்தால் அரை டிராக்மா. ஒரே தலைக்கு இரண்டு உடல் இருந்தால் இரண்டு ஓபல். ஆனால் பல காசுகளில் ஆந்தையே தேய்ந்து போயிருந்தது.

அவருடைய இடது கை காசுகளின் மேல் போயிற்று. ஒவ்வொன்றாக எடுத்தார், உள்ளங்கையில் எடை பார்த்தார், பிரித்து வைத்தார். அதிகாரி பின்னாலேயே எடை போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒண்ணுகூடத் தப்பில்ல!"

நோய் வந்த பிறகு அவள் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். "இதுக்குப் பேர் என்னங்க? டிரா... சொல்லுங்க, டிரா..."

"தண்ணி" என்றார்.

நேரம் போயிற்று. தேய்ந்த காசு ஒன்றைக் கையில் எடுத்தவர் அதை எங்கும் வைக்கவில்லை. அவளைப் பார்த்து, "தண்ணி" என்றார்.

"அரை டிராக்மாவா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ரெண்டு ஓபலா சார்?" என்று கேட்டார் அதிகாரி. அதற்கும் இல்லை. "ஒருவேளை போலிக் காசோ? உள்ளே செம்பு இருக்குமோ?" லென்ஸை எடுத்தார். இரண்டு பேரும் காசின் மேல் குனிந்தார்கள்.

"தண்ணி! தண்ணி!" மேசையைத் தட்டினார். தட்டு சரிந்து, பிரித்த காசுகள் எல்லாம் தரையில் உருண்டன.

"என்னதாங்க சொல்ல வர்றீங்க? பொறுமையா காட்டினாத்தானே புரியும்!" என்று கத்திவிட்டாள்.

அப்போதுதான் அவருடைய உதட்டைப் பார்த்தாள். வெடித்துக் கிடந்தது. வாசலுக்கு ஓடினாள். அவர் அந்த பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தார், சட்டையெல்லாம் நனைந்தது. அதிகாரி தரையில் மண்டியிட்டுக் காசு பொறுக்கத் தொடங்கினார், முகத்தை நிமிர்த்தவே இல்லை.

அதன் பிறகு அவரை அவள் அங்கே கூட்டிப்போகவில்லை. அந்தக் காசு வெறும் அரை டிராக்மாதான், எடை சரியாக இருக்கிறது என்று அதிகாரி போனில் சொன்னார். "சார் எப்ப வர்றாரு?" என்றும் கேட்டார்.

"இல்ல தம்பி. நீங்களே முடிச்சிருங்க."

போனை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஏதோ சொன்னார், அதே சொல்தான். அவள் டம்ளரை நீட்டினாள். வேண்டாம் என்று தள்ளினார். போர்வையைக் காட்டினாள், அதுவும் இல்லை. ஜன்னல், விளக்கு, தலையணை என்று வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே போனாள்.